உயிலில் எழுதிய ஆஸ்பத்திரி

சிவகாசியில் யாராவது 'மருந்து' என்றால் எந்த மருந்து என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்குவதும் மருந்துதான். பட்டாசு ஆலையில் கலப்பதும் குழாய்க்குள் செலுத்துவதும் மருந்துதான். இரண்டாவது மருந்து சுட்ட உடம்பைத் தூக்கிக்கொண்டு முதல் மருந்தைத் தேடி ஓடி ஓடிப் பழகிய ஊர் இது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தபோது, காயம்பட்டவர்களில் பலரை எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் மறுபடியும் அதே ஓட்டம். இறந்தவர்கள் இருபதுக்கும் மேல்.

இந்த ஊரில் வசதியுள்ள ஒருவர், கடைசிக் காலத்தில் உயில் எழுத உட்காரும்போது, "ஒரு பங்கை ஆஸ்பத்திரிக்கு எழுதுங்க" என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் சொல்லப்போகிறேன். அவர் எண்ணத்தில் எனக்குக் குறை இல்லை. அந்த எண்ணத்தை நிறைவேற்ற உயில் என்ற காகிதம் போதுமா என்பதுதான் கேள்வி.

உயில் என்பது என்ன? எழுதியவர் சாகும்வரை செத்துக் கிடக்கும் பத்திரம். அவர் கண்மூடிய பிறகுதான் அதற்கு உயிர். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் அதை மாற்றலாம், கிழித்தும் போடலாம். எழுதுபவருக்கு இது பெரிய வசதி: வீடும் கையிலிருக்கும், கொடை கொடுத்த நிறைவும் மனசிலிருக்கும். பெறுகிறவருக்கோ இதில் பிடிமானம் எதுவும் இல்லை. எப்போது வரும், எவ்வளவு வரும், வருமா என்று தெரியாத பணத்தை வைத்து எந்த ஆஸ்பத்திரியும் ஒரு நர்ஸைக்கூட வேலைக்கு எடுக்க முடியாது.

தீக்காயத்துக்கு மருத்துவம் செய்வதன் இயல்பு இதற்கு நேர் எதிர். முதல் சில மணி நேரத்தில் நரம்பு வழியாக நீர் ஏற்றுவதில் தொடங்குகிறது அது. பிறகு கிருமி தொற்றாமல் காப்பது, தோல் ஒட்டுவது, வாரக்கணக்கில் கட்டு மாற்றுவது. உயிர் பிழைத்தவர்களுக்கு அதோடு முடிவதில்லை. தழும்பு இறுகி முழங்கையும் கழுத்தும் விரல்களும் மடங்கிப்போகும். அவற்றை விடுவிக்க மறுபடி அறுவை, மாதக்கணக்கில் இயன்முறை மருத்துவம். பெட்டியில் பசை ஒட்டியும் திரி முறுக்கியும் பிழைக்கும் ஒரு கைக்கு விரல் மடங்குவது என்றால் வருமானம் மடங்குவது. இத்தனைக்கும் வேண்டியது, தினமும் வந்துகொண்டே இருக்கும் பணம். உயில் தருவது, என்றோ ஒருநாள் மொத்தமாக வரும் பணம். அந்த மொத்தத்தைக்கூடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி ரூபாயை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏழு லட்சம், மாதத்துக்கு ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். ஓரிரு பணியாளர்களின் சம்பளம் வரும். விலைவாசி ஏற ஏற அதுவும் தேயும். ஒரு கோடி என்று உயிலில் படிக்கும்போது கண் விரிகிறது. வார்டில் நின்று பார்த்தால் அதன் அளவு தெரிகிறது.

இந்த வட்டாரத்துக்குக் கொடை கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரின் கதை ஊருக்கே பாடம். அந்தத் தொழிலும் அதன் பின்னால் வந்த பட்டாசும் அச்சும் ஊட்டிய பணம் பள்ளியாகவும் கல்லூரியாகவும் எழுந்தது: 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. பட்டாசுக் கம்பெனியின் பெயரைப் பட்டச் சான்றிதழில் தாங்கும் பெண்கள் வேறு எந்த ஊரில் இருக்கிறார்கள்!

அதற்கும் முன்னால் மகமை இருந்தது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் உறவின்முறைகள் என்ற சாதிச் சங்கங்கள் தங்கள் வணிகர்கள் விற்ற வாங்கிய சரக்கின் மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்த பொதுப்பணம் அது. யாரும் செத்த பிறகு கொடுத்ததில்லை. வியாபாரம் நடந்த அன்றைக்கே, லாபமோ நட்டமோ பார்க்காமல், சரக்கோடு சேர்த்து நிறுக்கப்பட்டது. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை எழுந்தது இந்த வழியில்தான். பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளி வளர்த்த வீடுகளும் அந்த ஊரில் உண்டு. உலை வைக்கும்போதே ஒரு பிடி தனியே போகிறது. போனது அன்றே போனது. மகமையைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் போவது சரியல்ல. அதன் வரவும் கணக்கும் அதிகாரமும் ஒரு சாதிக்குள்ளேயே சுற்றின. பள்ளியின் பயன் வெளியே போனபோதும் சாவி உள்ளேதான் இருந்தது. தனி ஒருவர் எழுதும் உயிலுக்கு இந்தச் சங்கிலி இல்லை. யாரையும் கேட்காமல், எந்தக் கூட்டத்திலும் ஒப்புதல் வாங்காமல், தன் சொத்தை எந்தச் சாதிக்காரர் படுத்திருக்கும் கட்டிலுக்கும் அவர் எழுதிவைக்கலாம். உயிலின் பக்கம் நிற்கும் முதல் வலுவான வாதம் இது. அதைத் தராசில் வைத்துக்கொண்டே மேலே போவோம்.

அறத்துக்கென்று எழுதிய உயில் என்ன பாடுபடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் பச்சையப்ப முதலியாரைவிடப் பெரிய சாட்சி இல்லை. காஞ்சிபுரத்துக்காரர், துபாஷியாகப் பொருள் சேர்த்தவர். 1794 மார்ச் 22ஆம் தேதி கும்பகோணத்தில் உயில் எழுதினார். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 31ஆம் தேதி, திருவையாற்றில் இறந்தார். வயது நாற்பது. சொத்தைக் கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் எழுதியிருந்தார். அதன் பிறகு நடந்தது வழக்கு. குடும்பத்துக்குள் பூசல், பொறுப்பேற்றவர்களின் இழுபறி, கடைசியில் அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமை வழக்கறிஞரே வந்து தருமத்தின் சார்பில் நிற்க வேண்டியதாயிற்று. வழக்கு நடந்த காலத்தில் வட்டி ஏறி ஏறி, கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியதுபோக மிகுந்த பணத்தைக் கல்விக்குத் திருப்பும் திட்டம் வந்தது. 1842இல் பள்ளி திறந்தது. அதுவே வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று.

பச்சையப்பன் கல்லூரியால் சென்னை பெற்றதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் திறனாய்வாளன் இங்கே கண்ணைச் சிமிட்டக் கூடாது. உயில் எழுதி நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் திறந்த அந்த ஆங்கிலப் பள்ளி, எழுதியவர் கேட்டதல்ல. நல்லது நடந்தது, அவர் நினைத்தது நடந்ததா என்பது வேறு விஷயம். பள்ளிக்கு நாற்பத்தெட்டு ஆண்டு தாமதம் என்றால் இரண்டு தலைமுறை படிக்காமல் போகிறது. தீக்காய வார்டுக்கு அந்தத் தாமதம் என்றால் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இதே தராசைத் தூக்கிப் பார்க்கலாம். லண்டன் கைஸ் மருத்துவமனையைத் தந்த தாமஸ் கை, புத்தக வியாபாரி. 1721இல் கட்டடத்தைத் தொடங்கி, அது எழும்புவதைப் பார்த்தபடியே வாழ்ந்து, 1724 டிசம்பர் கடைசியில் இறந்தார். 1725 ஜனவரியில் நோயாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள். மீதிச் சொத்தைத்தான் உயில் சுமந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873இல் இறந்தார். எழுபது லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்குமாக உயில் வைத்துப் போனார். பொறுப்பாளர்கள் நேர்மையானவர்கள், மூலதனத்தைத் தொடாமல் வருமானத்திலேயே கட்டினார்கள். மருத்துவமனை திறந்தது 1889இல். சுத்தமான கைகளில் விழுந்த உயிலுக்கே பதினாறு ஆண்டு. உயிரோடு கூரை போட்டுவிட்டுப் போனவருக்குப் பதினாறு நாள்கூட ஆகவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். சாட்சியாபுரத்திலிருந்து தொடங்கலாம், சிவகாசியை ஒட்டி, மிஷன் பள்ளிகளைச் சுற்றி வளர்ந்த கிறிஸ்தவக் குடியிருப்பு. 2003 வரை அங்கிருந்த ஒரு கிறிஸ்தவருக்கும் பக்கத்துத் தெரு இந்துவுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்து, சாவதற்கு முந்தின நாள் எழுதிய உயிலில்கூட ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம். கிறிஸ்தவருக்கு அண்ணன் மகனோ தங்கை மகளோ அதைவிட நெருங்கிய உறவோ இருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு குறுக்கே நின்றது: இறப்பதற்குப் பன்னிரண்டு மாதமாவது முன்பே உயில் எழுதியிருக்க வேண்டும், எழுதிய ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டம் சொன்ன இடத்தில் ஒப்படைத்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மதத்துக்கோ தருமத்துக்கோ எழுதியது செல்லாது. ஜான் வள்ளமட்டம் என்ற கேரளப் பாதிரியார் தொடுத்த வழக்கில், 2003 ஜூலை 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைப் பாரபட்சம் என்று அடித்துப்போட்டது. தீர்ப்பு சரி. ஒரு மதத்தாருக்கு மட்டும் அந்த விலங்கு எதற்கு?

ஆனால் அந்தப் பிரிவின் அடியில் கிடந்த பயம் மட்டும் முட்டாள்தனமானதல்ல. சாவுக் கட்டிலின் பக்கத்தில் நிற்பவர், சாகிறவரின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார் என்ற பயம் அது. அன்றைக்கு அந்தக் கட்டிலின் பக்கத்தில் பாதிரியார் நின்றார். இன்றைக்கு டாக்டர் நிற்கிறார். படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கே சொத்தை எழுதி, அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடமே 'சுயநினைவோடு இருக்கிறார்' என்று சான்று வாங்கி, அவரையே சாட்சிக் கையெழுத்தும் போடவைத்தால், அந்த உயிலை உடைக்க வக்கீலுக்கு வேறு ஆயுதம் வேண்டாம். பயன்பெறுகிறவரே உயில் எழுதும் காரியத்தில் முன்னின்று செயல்பட்டால் அது சந்தேகத்துக்குரிய சூழல், அந்தச் சந்தேகத்தை நீக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவர் தலையில் என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958லேயே சொல்லிவிட்டது. பதிவு செய்த உயில் என்பதாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது. பதிவு கட்டாயமும் அல்ல. கட்டாயம், இரண்டு சாட்சிகள். பிரச்சினை வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரர் தம் வயது நண்பர்கள் இருவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நம் வழக்கம். மூவரும் ஒரே வரிசையில் கிளம்பிவிட்டால்?

பெயர் என்ற சங்கதி அடுத்தது. ஓர் அச்சக முதலாளியை எண்ணிக்கொள்வோம். பிள்ளையில்லை. 'மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எனது வீடு' என்று எழுதுகிறார். பெரியாஸ்பத்திரி யார்? ஒரு காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, இப்போது அரசு இராஜாஜி மருத்துவமனை. பெயர்ப் பிழைக்காக மட்டும் கொடை செத்துவிடாது, ஆளைத்தான் தேடுவார்கள். ஆனால் தேடுவது நீதிமன்றத்தில் நடக்கும். அரசு மருத்துவமனை தனியாகச் சொத்து வைத்துக்கொள்ளும் ஆளும் அல்ல, அதற்குக் கொடுப்பது அரசுக்குக் கொடுப்பது. குறிப்பிட்ட வார்டுக்கு என்று பணம் போய்ச்சேர வேண்டுமானால், அங்கே இயங்கும் நோயாளர் நலச் சங்கம் போன்ற பதிவுபெற்ற அமைப்பைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் இன்னும் கவனம். வாசலில் தொங்கும் பலகைக்குப் பின்னால் அறக்கட்டளை இருக்கிறதா, கம்பெனி இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதினால், ஏழை நோயாளிக்கு என்று விட்டுப்போன பணம் பங்குதாரர்களின் கணக்கில் ஏறும். இதை நம்மவர்கள் பார்ப்பதில்லை. டாக்டர் நல்லவர், அவ்வளவுதான்.

சிவகாசிச் சொத்துக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. இங்கே பலரின் பெரிய சொத்து பட்டாசு ஆலை. வெடிபொருள் துறை நாக்பூரிலிருந்து தரும் லைசென்ஸ் இருக்கும்வரை அந்தக் காட்டில் நிற்கும் சின்னச் சின்ன அறைகளுக்குக் கோடி மதிப்பு. லைசென்ஸ் இல்லாமல் அவை வெறும் செங்கல். அதை ஆஸ்பத்திரிக்கு எழுதிவைத்தால் ஆஸ்பத்திரி வெடி உற்பத்தி செய்யப் போவதில்லை, கிடைத்த விலைக்கு விற்கப் போகிறது. பூர்வீகச் சொத்து என்றால் எழுதுகிறவர் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த திருத்தங்களுக்குப் பிறகு மகள்களின் பங்கும் அதில் இருக்கிறது. இஸ்லாமியர், வாரிசுகள் ஒப்பாவிட்டால், மூன்றில் ஒன்றுக்கு மேல் எழுத முடியாது. மனைவியையும் மகளையும் வெறுங்கையோடு விட்டு ஊருக்கு நல்லவர் ஆகிற உயில்கள் உண்டு. கல்வெட்டில் பெயர் ஏறும். அந்தப் பெண்கள் வழக்குப் போட்டால் நான் அவர்கள் கட்சி.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் உயிலில் தருமம் எழுதுவதற்கு அரசே தூண்டில் போடுகிறது: நாற்பது சதவீத வாரிசு வரி, நிகரச் சொத்தில் பத்தில் ஒன்றைத் தருமத்துக்கு விட்டால் முப்பத்தாறு சதவீதம். இந்தியாவில் 1985லேயே எஸ்டேட் வரி ஒழிந்துபோனது. குறைக்க வரியே இல்லாதபோது உயில் கொடைக்கு எந்தச் சலுகையும் இல்லை. உயிரோடு கொடுத்தால், பழைய வரிமுறையில் இருப்பவருக்கு, 80ஜி என்று பழகிப்போன கழிவு உண்டு. ஆக நம் நாட்டில் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் அவர் இன்றே கொடுக்கத்தான் சொல்வார்.

இத்தனையும் எந்த ஊருக்கும் பொருந்தும். சிவகாசிக்கு மட்டும் உரிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காக. வெடிமருந்தில் சேர்த்த பணத்தைத் தீக்காய வார்டுக்கு எழுதிவைப்பது கொடையா, கடனா? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923இல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் கால் ஊன்றிய அதே வேளை. வேலையில் காயம்பட்டவருக்குக் கொடுப்பது தருமம் அல்ல, பாக்கி என்று சட்டம் அப்போதே சொல்லிவிட்டது. 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கே சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் தொடங்கியதுதான். கட்ட வேண்டிய இழப்பீட்டை இழுத்தடித்துவிட்டு, அனுமதித்ததைவிட அதிக ஆளை ஓர் அறைக்குள் அடைத்து வேலை வாங்கிவிட்டு, உயிலில் ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு எழுதுகிறவர், கடைக்காரருக்குப் பாக்கி வைத்துவிட்டுக் கோயில் உண்டியலில் போடுகிறவர். வெந்து வார்டில் கிடப்பவர்களில் பெரும்பாலோர் உயில் எழுதச் சொத்தே இல்லாதவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

சரி, உயிலின் பக்கம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சாதிக் கட்டுப்பாட்டைத் தாண்டும் உரிமையை முன்பே சொன்னேன். இன்னொன்று, குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத மனிதர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, பிள்ளையில்லாத தம்பதி. இவர்களால் இன்றைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க முடியாது. இவர்களுக்கு உயில் ஒன்றே வழி, இவர்களிடம் நான் வாதாட வரவில்லை. ஆலையும் அச்சகமும் வைத்திருப்பவர்களின் நிலை அதுவல்ல. அவர்களுக்கு உயில், கொடுப்பதைத் தள்ளிப்போடும் மரியாதையான வழி.

என் தீர்ப்பு இது. சிவகாசியில் வசதியுள்ளவர் ஆஸ்பத்திரிக்கென்று உயிலை மட்டும் நம்பி எழுதும் கொடை பலவீனமானது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் தொழிலாளிக்கு உரிய பாக்கி. அடுத்து, மகமைபோல விற்ற சரக்கின் மேல் ஆண்டுதோறும் ஒரு சிறு பிடித்தம், இந்த முறை சாதிக்கு வெளியே, தணிக்கைக் கணக்கைப் பகிரங்கமாக வைக்கும் ஓர் அறக்கட்டளைக்கு. கட்டடத்துக்கு வேண்டாம், தோல் ஒட்டும் அறுவைக்கும் இயன்முறை மருத்துவருக்கும் கட்டுத்துணிக்கும். பத்து ஆண்டு அந்த அறக்கட்டளை எப்படிச் செலவழிக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, மிச்சத்துக்கு உயில். அப்போதும் வீட்டாரின் பங்கைக் கொடுத்தது போக. தாமஸ் கை செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஏற்கெனவே உயில் எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவே பீரோவைத் திறந்து அதை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியின் பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா, சாட்சிகள் இருவரும் உயிரோடு இருக்கிறார்களா, அவர்களில் ஒருவர் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டரா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, உயிலில் எழுதிய தொகையில் நூற்றில் ஒரு பங்கை இந்த மாதமே அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரசீதும் செலவுக் கணக்கும் கேளுங்கள். கணக்கு வரவில்லையென்றால் உயிலை மாற்ற உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.